சேராத வேலைக்கு வைத்த நன்றிப் பூசை

சங்கு ஊதிவிட்டது. ஆட்கள் எல்லோரும் கம்பெனி கேட்டுக்குள் போய்விட்டார்கள். நான் மட்டும் வெளியே நின்றேன். வெளுத்து மடித்த வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன். கையில் சாப்பாட்டுத் தூக்கு. வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"உள்ள வுட வாணாம்னு ஆர்டரும்மா. வூட்டுக்குப் போ" என்றான்.

"இன்னிக்கு நான் வேலைல சேர்ற நாளுப்பா. ஹெட் கிளார்க்கக் கேட்டுப் பாரு."

"அவரு சொல்லித்தாம்மா நான் சொல்றேன்."

பிரியமானவர்களே, சர்வேசுரன் செய்த உபகாரத்தைச் சொல்ல வந்தவள் கேட்டில் விரட்டப்பட்ட கதையை எடுக்கிறாளே என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு என் கண்ணுக்கு உபகாரம் எதுவும் தெரியவில்லை. சாத்தின கேட்டுதான் தெரிந்தது. அதிலிருந்துதான் நான் தொடங்க முடியும்.

என் பெயர் ஆரோக்கியம். ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் லூர்துசாமி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டினவர். இரும்புக் கயிறு இழுத்ததில் அவருடைய வலது கை நசுங்கிவிட்டது. கை இருக்கிறது, பிடி இல்லை. அதற்குப் பிறகு நான் ஒருத்தி சம்பாதித்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்றாகிவிட்டது. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். நான் ஒரு டாக்டரம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவந்தேன். குளிப்பாட்டுவது, பால் புகட்டுவது, காய்ச்சல் கண்டால் கவனிப்பது எல்லாம் டாக்டரம்மாவே உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். நான் பழகினவள் என்று கையெழுத்துப் போட்டு சர்டிபிகேட்டும் கொடுத்திருந்தார்.

என்னுடைய குணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாது. முழங்காலில் நின்றால் மனசு அடுப்புக்கும் தெருவுக்கும் ஓடிவிடும். நடந்தால்தான் எனக்கு ஜெபம் வரும். முக்காட்டுக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டு கடலோரச் சாலையில் நான் வேகவேகமாகப் போவதைப் பார்த்து, யாருக்கோ பிரசவ வலி கண்டுவிட்டது என்று வழி விட்டவர்கள் உண்டு.

அப்போது சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொழிற்சாலைகளுக்குப் புதுச் சட்டம் வந்திருந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் அவர்களுடைய கைக்குழந்தைகளுக்கென்று ஒரு அறை இருக்க வேண்டும், பிள்ளை வளர்ப்பில் பழகின ஒரு பெண் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தகர டப்பாக் கம்பெனியில் அப்படி ஒரு அறை திறக்கப் போகிறார்கள் என்று எனக்குச் சொன்னவர் இன்னாசியப்பன். அந்தக் கம்பெனியின் ஹெட் கிளார்க். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, காலடிப்பேட்டையில் குடியிருந்தார். ஞாயிறு தவறாமல் எங்கள் கோயிலுக்குத்தான் பூசைக்கு வருவார். ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசை அவருடையது.

பொங்கல் முடிந்த கையோடு அவரே என்னைக் கம்பெனியை நடத்தின வெள்ளைக்காரத் துரை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். துரை இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் சொன்னார். நான் சொன்னதை இங்கிலீஷில் சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "பிப்ரவரி ஒண்ணாந் தேதி வந்து சேரச் சொல்லுதாரும்மா. சம்மதந்தானே?" என்றார். சம்மதம் என்றேன். துரையும் தலையை ஆட்டினார். காகிதம் ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆயா வேலைக்கு யார் காகிதம் கொடுத்தார்கள்? வாயால் சொல்வதுதான் ஆர்டர்.

அந்தச் சொல்லை நம்பி டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டேன். அதோடு விடவில்லை. உழைப்பாளிகளின் காவலரான அர்ச். சூசையப்பருக்கு ஒரு நன்றிப் பூசையும் வைத்தேன்.

எங்கள் ஜனங்கள் வழக்கமாக முதல் மாசச் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் நன்றிப் பூசை வைப்பார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? கேட்டது கிடைத்துவிட்டது, சாமியைக் காக்க வைப்பானேன் என்று வேலையில் சேருவதற்கு முன்பே வைத்துவிட்டேன். ஒரு புதன்கிழமை காலை, பூசைக்கு முன்னால் உபதேசியார் எழுந்து நின்று, திருவொற்றியூர்க் கம்பெனியில் ஆரோக்கியத்துக்கு வேலை கிடைத்ததற்கு நன்றியாக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இன்னாசியப்பனும் வந்திருந்து, நற்கருணை நன்மை வாங்கினார். பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து ஆப்பம் சாப்பிட்டார். அக்கம்பக்கத்தாரிடம், "எங்க கம்பெனிக்கு வாராங்க, பெரிய பொறுப்பு" என்று சொன்னதும் அவர்தான். போகும்போது என் வீட்டுக்காரரின் பிடியில்லாத கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம்தான் கேட்டில் என்னை நிறுத்தினார்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலச் சங்கு ஊதும் வரை அந்தச் சாலையில் மேலும் கீழும் நடந்தேன். தூக்கில் இருந்த சோறு அப்படியே இருந்தது. இன்னாசியப்பன் குடையும் கையுமாக வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது.

"பொம்பள ஆளக் குறைச்சாச்சும்மா. அந்த ரூமே வேண்டாம்னுட்டாரு துரை" என்றார்.

"அப்போ என் வேல?"

"பாப்போம்னுதானம்மா சொன்னது. உறுதியா யாரு சொன்னா?"

"நீங்க சொன்னீங்க. எங்க வூட்ல குந்தி சாப்ட்டுகினே சொன்னீங்க."

அவர் குடையை விரித்தார். மழை இல்லை, வெயிலும் இறங்கிவிட்டது. முகத்தைக் குடைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன். அவரைத் திட்டி முடித்துச் சூசையப்பரிடம் போனேன். நீரும் உழைத்துச் சாப்பிட்டவர்தானே சாமி, வேலைக்காரன் கஷ்டம் உமக்குத் தெரியாதா, நீரும் கம்பெனியோடு சேர்ந்துகொண்டீரா என்று கேட்டேன். ஊர் முன்னால் நன்றி சொன்னேனே, இப்போது எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? அதுதான் எனக்குப் பட்டினியை விடப் பெரிய வேதனையாக இருந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மா ஆள் அனுப்பினார். எனக்குப் பதிலாக வந்த பெண் சரிப்படவில்லை, நான் திரும்பி வரலாம், பழைய இடமே தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். பிரியமானவர்களே, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கம்பெனி வேலைக்கு என்று நன்றிப் பூசை வைத்தாகிவிட்டது. இப்போது பழைய வேலைக்கே போனால், சாமியிடம் பொய் சொன்னதாக ஆகாதா? கொடுத்த நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்வது போல ஆகாதா? அந்தக் கம்பெனி வேலையைத்தான் அவர் எனக்குத் தந்தாக வேண்டும், அதுவரை வேறு வேலையைத் தொடமாட்டேன் என்று இருந்தேன். இதை விசுவாசம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வெற்றிலை போடுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் எது குறைந்தாலும் அவர் முதலில் நிறுத்துவது அதைத்தான்.

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. துறைமுகத்துச் சங்கத்துக்காரர் ஒருவர் சொல்லி லேபர் ஆபீசரைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் நான் அந்தக் கம்பெனியில் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லையே என்றார். உள்ளே இருக்கும் தொழிலாளிகள் சங்கமாகச் சேர்ந்து இதைத் தங்கள் தகராறாக எடுத்தால் அவர் பேச வழி உண்டு, தனி ஆளாக, அதுவும் சேராத ஆளாக வந்தால் தன் கையில் ஒன்றுமில்லை என்றார். நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறவள், உள்ளே இருக்கும் யாரை எனக்குத் தெரியும்? அவரே, வேண்டுமானால் ஒரு வக்கீலைப் பாரம்மா என்று சொல்லி அனுப்பினார்.

யானைக்கவுனியில் ஒரு வக்கீலிடம் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். நெற்றி நிறைய விபூதி பூசியவர். கீழே ஒரு பாத்திரக் கடை, மாடியில் அவர் ஆபீஸ். பேசும்போது நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்துவிட்டேன்.

"காகிதம் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க. வாயால சொன்னதுதான்."

"பரவாயில்ல. ஒருத்தர் வேலை தரேன்னு சொல்லி, இன்னொருத்தர் சரின்னு ஒத்துக்கிட்டா அதுவும் ஒப்பந்தந்தான். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. கோர்ட்டு உன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் அந்த வேலையில உட்கார வைக்காது. இஷ்டமில்லாத ஆளை வேலைக்கு வச்சுக்கோன்னு யாரையும் கட்டாயப்படுத்தாது. அவங்க சொன்னத நம்பி நீ இருந்த வேலைய விட்டே பாரு, அதனால வந்த நஷ்டத்தைக் கேட்கலாம். சரி, அவங்க சொன்னதுக்குச் சாட்சி யாரு?"

"கோயில்ல கீற அத்தினி பேரும் கேட்டாங்க."

"கோயில்ல யார் சொன்னா?"

"உபதேசியார்."

"அவருக்கு யார் சொன்னா?"

"நான்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அது உன் பேச்சும்மா, கம்பெனி பேச்சு இல்ல. அந்த ஹெட் கிளார்க் வந்து, ஆமாம், துரை சொன்னார், நான்தான் தமிழ்ல எடுத்துச் சொன்னேன்னு சொல்லணும். அப்பத்தான் கேஸ் நிக்கும். அது இருக்கட்டும், பழைய ஆஸ்பத்திரியில உன்னத் திரும்பக் கூப்பிட்டாங்களா?"

கூப்பிட்டார்கள், போகவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். நன்றிப் பூசை விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

"இங்க பாரும்மா. நஷ்டம் கேட்டு வர்றவங்க, அந்த நஷ்டத்தைக் குறைக்கத் தன்னால ஆனதைச் செஞ்சாங்களான்னு கோர்ட்டு கேட்கும். வந்த வேலைய வேண்டாம்னுட்டு வீட்டுல இருந்தா, அந்த நாளுக்கெல்லாம் கம்பெனி எதுக்கும்மா கொடுக்கணும்? சட்டத்துக்கு உங்க சூசையப்பரைத் தெரியாது."

யானைக்கவுனியிலிருந்து ராயபுரம் வரை நடந்தே வந்தோம். பாதி வழியில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன் ஆரோக்கியம். நீ நன்றி சொன்னது யாருக்கு? அந்தத் தொரைக்கா?"

"சூசையப்பருக்கு."

"அவரு இன்னா வூட்டக் காலி பண்ணிகினு பூட்டாரா? அங்கியேதான கீறாரு. சொன்ன நன்றி அவராண்டயே இருக்கட்டும், அத்த யாரு திருப்பிக் கேட்டா? புள்ளைங்க அரை வயித்தோட பள்ளிக்கூடம் போய்கினு கீதுங்க. நீ இன்னாடான்னா சாமியாண்ட மானம் பாத்துகினு கீற."

நடுத்தெருவில் நின்று அழுதேன். கைவண்டிக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். கோபத்தில் அழுதேனா வெட்கத்தில் அழுதேனா, இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன். அதற்குள் குழந்தைகள் வார்டுக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். தரை கழுவுவதும் துணி துவைப்பதும்தான் இருக்கிறது என்றார். முதலில் கூப்பிட்டபோதே போயிருந்தால் என் இடம் கிடைத்திருக்கும். சரி என்று துடைப்பத்தை எடுத்தேன். வார்டுக்குள் பிள்ளைகள் அழும்போது கை பரபரக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போய்விடுவேன்.

உயிர்த்த திருநாளுக்கு முந்தின தபசுகாலம் வந்தது. அடுப்பு எரிந்தது, ஆனால் மனசு ஆறவில்லை. என் ஜெபமெல்லாம் இன்னாசியப்பன் மேலேயே இருந்தது. அவரைப் பேச வையும் சுவாமி, அவர் பொய்யை ஊர் அறியச் செய்யும், நான் கேட்டில் நின்றது போல அவரும் ஒரு நாள் நிற்க வேண்டும் என்று கேட்டேன். நடந்து நடந்து கேட்டேன். செருப்பு தேய்ந்தது. ஜெபத்துக்கு அப்புறம் மனசு லேசாக வேண்டும் அல்லவா? எனக்கு நெஞ்சு எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போனேன். சாமியார் சுவரோரம் ஒவ்வொரு ஸ்தலப் படமாக நின்று நின்று போக, ஜனங்களும் நகர்ந்தோம். இன்னாசியப்பன் முன்னால் இல்லை. கடைசித் தூணுக்குப் பின்னால், மனைவி பிள்ளைகளோடு நின்றிருந்தார். பிள்ளைகள் நான்கு. சின்னது அவர் தோளில் தூங்கியது. அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, ஷேவ் செய்யாமல், பார்க்கவே பயமாக இருந்தது. இந்த மனுஷன் எனக்காக வாய் திறந்தால் துரை இவரை வெளியே அனுப்பிவிடுவாரே, இந்த நான்கும் என்ன செய்யும் என்று அப்போதுதான் நினைத்தேன். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று என் ஜெபம் மாறியது. அவர் வாயைத் திறந்துவிடும் சுவாமி, ஆனால் அவர் வயிற்றில் அடித்துவிடாதேயும் என்று கேட்டேன். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அது சுவாமி பாடு என்று விட்டுவிட்டேன்.

உயிர்த்த திருநாள் வந்தது. நமக்குத் தெரியும், வருஷம் முழுவதும் கோயில் பக்கம் வராதவன்கூடப் பாஸ்கு காலத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கிவிடுவான். அன்று யார் நன்மை வாங்கப் பீடத்துக் கிராதிக்குப் போகிறார்கள், யார் போகவில்லை என்று எல்லார் கண்ணும் பார்க்கும். ஜனங்கள் வரிசையாகப் போனார்கள். இன்னாசியப்பனின் மனைவி போனார், பெரிய பிள்ளைகள் போனார்கள். அவர் போகவில்லை. தூணோரம் தலையைக் குனிந்தபடி முழங்காலில் இருந்தார். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள். அவர் அவமானப்பட வேண்டும் என்று எத்தனை நாள் கேட்டிருந்தேன். கேட்டது கண் முன்னால் நடந்தபோது எனக்குச் சந்தோஷம் இல்லை.

மறு ஞாயிறு காலை, பூசைக்குப் போகப் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். இன்னாசியப்பன் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"நீ வக்கீலப் பாத்தியாமே, அவர்கிட்ட என்னக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். "துரை சொன்னாரு, நாந்தான் உங்கிட்டச் சொன்னேன். அத நான் எங்க வேணாலும் வந்து சொல்லுதேன். அதச் சொல்லாம என்னால கிராதிகிட்டப் போக முடியாது."

"உங்கள வேலைய வுட்டு எடுத்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

"எடுத்தா எடுக்கட்டும்" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவர் தோளில் கையை வைத்தார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் ஒன்றாகவே கோயிலுக்குப் போனோம். அன்று பூசைக்கு முன் அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டதைப் பார்த்தேன். அப்புறம் நன்மை வாங்கினார்.

அந்த வாரமே வக்கீலிடம் போனோம். அவர் எதிர்பார்க்காத ஒன்றையும் இன்னாசியப்பன் சொன்னார். பெண்களைக் குறைத்துவிட்டதாகக் கம்பெனி சொன்னது வெளிப்பேச்சு. அதே பெண்கள் அதே கொட்டகையில் அதே டப்பாவைத்தான் துடைக்கிறார்கள். பாதிப் பேரை மட்டும் ஒரு காண்டிராக்ட் மேஸ்திரியின் ஆட்கள் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் கணக்கு ஐம்பதைத் தாண்டவில்லை என்று காட்டி, குழந்தைகள் அறை வைக்காமல் தப்பிக்க அந்த வழி. கைப்பிள்ளைகள் மதில் ஓரத்தில் சாக்கில் கிடக்கின்றன. வக்கீல் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"இது உன் ஒருத்தி விஷயம் இல்லம்மா" என்றார். என் பேரில் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினார். சொன்ன சொல்லை மீறியதால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைத் தர வேண்டும் என்று அதில் இருந்தது. நான் திரும்ப வேலைக்குப் போய்விட்டதையும் மறைக்காமல் எழுதினார். அதுதான் உனக்குப் பலம் என்றார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கும் தனியாக எழுதிப் போட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தன. ஹெட் கிளார்க்குக்கு வாக்குக் கொடுக்க அதிகாரமே இல்லை என்று முதலில் பதில் வந்தது. இன்னாசியப்பனைத் துரை கூப்பிட்டு, இனி ஆபீசுக்கு வர வேண்டுமா என்று யோசித்துச் சொல் என்றாராம். நான் தரையைக் கழுவும்போதும் ஜெபம், துணியைப் பிழியும்போதும் ஜெபம். அவர் வயிற்றில் அடித்துவிடாதேயும் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. என் வேலையைக் கேட்க மறந்தே போய்விட்டேன் என்றால் நம்புவீர்களா?

மே மாதம், மாதாவுக்குப் பூ வைக்கிற நாட்களில், இன்ஸ்பெக்டர் அந்தக் கம்பெனிக்குப் போனார். வேலை நடக்கிற நேரத்தில் கொட்டகைக்குள் நேராக நுழைந்துவிட்டார். பெண்கள் பயப்படவில்லை. தங்களுக்கு என்று ஒரு அறை வரவிருந்ததும், அதைக் கம்பெனி நிறுத்தியதும் நோட்டீஸ் போன பிறகுதான் அவர்களுக்கே தெரிந்திருந்தது. யாரிடம் கூலி வாங்கினாலும் நாங்கள் வேலை செய்வது இங்கேதான் என்று அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். கம்பெனியின் சொந்த வக்கீலே துரைக்கு நல்ல புத்தி சொன்னார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒரு பக்கம் சட்டம், இன்னொரு பக்கம் நான், இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுங்கள் என்றாராம்.

நான் வேலையில்லாமல் இருந்த நாட்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். வந்த வேலையை நானாக வேண்டாம் என்ற நாட்களுக்குக் கிடையாது. அது என் வினை, நான் முணுமுணுக்கவில்லை. குழந்தைகள் அறைக்கு என்னையே வரச் சொன்னார்கள். கோர்ட்டு செய்யாது என்று வக்கீல் சொன்னதைக் கர்த்தர் வேறு வழியாகச் செய்துவிட்டார். வக்கீலிடம் இதைச் சொன்னேன். "நான் எழுதினது நஷ்டத்துக்கும்மா. வேலைக்கு நான் பொறுப்பில்ல" என்று இந்த முறை சிரித்தார்.

இன்னாசியப்பனிடம் துரை பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நோட்டீஸ் விவகாரத்தில் பேசினதற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் அது புதுத் தகராறாகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அவர் வேலை போகவில்லை. அவர் பிள்ளைகள் நான்கும் சாப்பிடுகின்றன. நான் கேட்ட இரண்டும் ஒன்றாக நடந்தன. எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டால் இன்னும் எனக்கு விளங்கவில்லை.

இந்த முறை நான் துரையிடம் காகிதம் கேட்டேன். கொடுத்தார். அதைக் கையில் வாங்கின பிறகுதான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். துவைக்கிற வேலைக்கு வேறு ஆள் வரும்வரை இருந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

அறை சின்னது. வெள்ளையடித்து, ஜன்னல் வைத்து, கயிற்றில் தொட்டில்கள் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் நாள் காலை, தாய்மார் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள். கன்னியம்மா என்ற பெண் மட்டும் பிள்ளையைக் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். சங்கு ஊதிவிட்டது.

"குடும்மா, நேரமாவுது" என்றேன்.

"நாளிக்கும் நீ இருப்பியா?" என்று கேட்டாள். "இல்ல, ரெண்டு நாள் வச்சிகினு இருந்துட்டு இத்தயும் இழுத்து மூடிக்குவாங்களா? பழகிட்டா அப்பறம் புள்ள ஏங்கிப் பூடும்மா."

கேட்டுக்கு வெளியே நின்று நான் கேட்க நினைத்ததும் அதே கேள்விதான்.

"இருப்பேன் போ" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு ஓடினாள்.

பிரியமானவர்களே, உங்களுக்கு வாக்குக் கொடுத்து யாராவது மீறினால், வக்கீலைப் பார்க்க வெட்கப்படாதீர்கள். அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். நடுவில் வருகிற வேலையை உதறாதீர்கள், அதையும் கர்த்தர்தான் அனுப்புகிறார். உங்களுக்குத் தீங்கு செய்தவனின் பிள்ளைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு ஜெபியுங்கள். இன்ன வேலை, இன்ன தேதி என்று அவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவள் நான். இப்போது கேட்டுவிட்டு நடக்கிறேன், அவ்வளவுதான். முன்னைப் போல மூச்சு வாங்குவதில்லை. நீங்களும் உங்கள் பாரத்தை அவரிடம் விட்டுப் பாருங்கள். முதலில் கை விடாது, பிடித்துக்கொண்டேதான் இருக்கும். பரவாயில்லை, வாசற்படி வரைக்குமாவது போங்கள்.

கன்னியம்மாவின் பிள்ளை இப்போது நடக்கிறது. காலையில் என்னைக் கண்டதும் தாயின் இடுப்பிலிருந்து தானே இறங்கி என்னிடம் வந்துவிடுகிறது.